கதவருகே ஒரு கேள்வி

1930-களில் ஒரு நாள். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் உள்ள குழந்தைகள் நல நிலையத்தில் ஒரு தாயும் ஓர் உளவியலாளரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். தாய் கொண்டுவந்த பிரச்சினை அவருடைய மகன். சொன்ன பேச்சு கேட்பதில்லை, யாருக்கும் அடங்குவதில்லை. சிக்கலின் வேர் எங்கே என்று உளவியலாளருக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. பையன் சின்னவனாக இருந்தபோதே தாய் அவனை மனத்தளவில் ஒதுக்கிவிட்டார், இன்றைய அடாவடி அதன் விளைவு. இதை அந்த அம்மாவுக்குப் பக்குவமாகப் புரியவைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று அவர் நினைத்தார்.

முடியவில்லை. அந்த அம்மா சொன்னதையெல்லாம் சேர்த்துக் கோத்து, மென்மையான வார்த்தைகளில் அவர் முன்னாலேயே வைத்துப் பார்த்தார். எத்தனையோ சந்திப்புகள் ஆன பிறகும் அந்த அம்மாவுக்கு அது உறைக்கவே இல்லை. கடைசியில் உளவியலாளர் கையை விரித்தார். இருவருமே முயன்றோம், பலனில்லை, இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார். தாயும் சரி என்றார். கைகுலுக்கிவிட்டு எழுந்து நடந்தார். கதவுவரை போனவர் திரும்பினார். இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை தருவதுண்டா என்று கேட்டார். உண்டு என்று பதில் வந்தது. அப்படியானால் எனக்கு உதவி வேண்டும் என்று சொல்லிவிட்டு, சற்றுமுன் எழுந்த நாற்காலியிலேயே மறுபடி வந்து உட்கார்ந்தார்.

அதன்பின் அவர் பேசியது வேறு கதை. கணவரோடு கசந்துபோன வாழ்க்கை, எதிலும் தோற்றுவிட்டோம் என்ற எண்ணம், குழப்பம் எல்லாம் கொட்டின. உளவியலாளரின் கோப்பில் வரிசையாக எழுதப்பட்டிருந்த குடும்ப வரலாற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உண்மையான சிகிச்சை அன்றுதான் தொடங்கியது, நல்லபடியாகவும் முடிந்தது.

அந்த உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். தன் வாழ்க்கைப் போக்கை மாற்றிய சம்பவங்களில் ஒன்றாக இதைப் பிற்காலத்தில் எழுதினார். எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும், எந்த அனுபவம் உள்ளே புதைந்து கிடக்கிறது என்பதெல்லாம் வந்திருப்பவருக்குத்தான் தெரியும் என்பது அவர் கற்றுக்கொண்ட பாடம். கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. ஆனால் அன்றைய மருத்துவ உலகில் இது கிட்டத்தட்ட கலகம்.

நிலவறைக் கிழங்கு

ரோஜர்ஸ் 1902-இல் சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க்கில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் நான்காமவர். கண்டிப்பான கிறிஸ்தவக் குடும்பம். சீட்டாட்டம், நாடகம், மது எதற்கும் வீட்டில் இடமில்லை. அவருக்கு 12 வயதானபோது குடும்பம் ஒரு பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பையன் விட்டில்பூச்சிகளைப் பிடித்து வளர்த்தான். ஆடுமாடுகளுக்கு எந்தத் தீவனம் நல்லது என்பதைப் பற்றிய தடித்த வேளாண் நூல் ஒன்றை 14 வயதில் விழுந்து விழுந்து படித்தான். ஒரு கூட்டத்துக்குப் புதுத் தீவனம், மற்றதற்குப் பழைய தீவனம், பிறகு இரண்டையும் எடைபோட்டு ஒப்பிடு: அறிவியல் சோதனை என்றால் என்ன என்பதை அவன் கற்றது மாட்டுக்கொட்டகைப் பாடத்தில்தான். பின்னாளில் மனித உறவையே அவர் தராசில் வைத்துப் பார்க்கத் துணிந்ததற்கு விதை இங்கே இருக்கிறது.

இன்னொரு விதையும் உண்டு. அவர்கள் வீட்டு நிலவறையில் குளிர்காலத்துக்காக உருளைக்கிழங்கைக் கொட்டிவைப்பார்கள். மேலே உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். மண் இல்லை, தண்ணீர் இல்லை. ஆனாலும் கிழங்கு முளைவிடும். வயலில் வரும் பச்சைத் துளிராக இருக்காது. வெளிறி, மெலிந்து, இரண்டு மூன்று அடி நீளத்துக்கு அந்த ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து நீண்டுகொண்டே போகும். செடியாக ஆகவே முடியாத முளை, ஆனால் முயற்சியை விடவில்லை. மனநல மருத்துவமனைகளின் பின்கட்டுகளில் பல ஆண்டுகளாகக் கிடந்த நோயாளிகளைப் பார்க்கும்போதெல்லாம் தனக்கு இந்தக் கிழங்குகள்தான் நினைவுக்கு வரும் என்று ரோஜர்ஸ் எழுதினார். அவர்களுடைய நடத்தை கோணலாகத் தெரியலாம். ஆனால் இருக்கிற வெளிச்சத்தை நோக்கி வளர அந்த உயிர் செய்த முயற்சி அது. மண்ணும் நீரும் கிடைத்தால் மனிதன் தானே வளர்வான் என்பது அவருடைய அடிப்படை நம்பிக்கை.

அந்தக் காலத்து உளவியலில் இரண்டு பெரிய அணிகள் இருந்தன. ஃப்ராய்டின் வழிவந்தவர்கள் மனிதனை அவனுக்கே தெரியாத ஆசைகள் ஆட்டிவைப்பதாகச் சொன்னார்கள். வாட்சன், ஸ்கின்னர் வழிவந்த நடத்தையியலாளர்கள் பரிசும் தண்டனையும் சேர்ந்து செதுக்கிய பழக்கங்களின் மூட்டையாக மனிதனைப் பார்த்தார்கள். இரண்டிலுமே நோயாளியைவிட நிபுணருக்கு அதிகம் தெரியும். இவற்றுக்கு மாற்றாக, மனிதன் தன் வாழ்க்கைக்குத் தானே பொருள் தேடுகிறவன் என்று சொன்னவர்கள் ரோஜர்ஸ், ஆபிரகாம் மாஸ்லோ, ரோலோ மே முதலியோர். தங்கள் பாதையை மூன்றாம் அணி என்றே அழைத்துக்கொண்டார்கள். மனிதமைய உளவியல் என்று நாம் இன்று சொல்வது அதைத்தான்.

1940 டிசம்பர் 11 அன்று மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ரோஜர்ஸ் ஓர் உரை நிகழ்த்தினார். அறிவுரை சொல்வது, தேற்றுவது, விளக்கம் கொடுப்பது என்று அன்று புழங்கிய முறைகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, இவை ஏன் பயன்படுவதில்லை என்று பேசினார். அரங்கில் கொந்தளிப்பு. சிலர் பாராட்டினார்கள், சிலர் கடுமையாகத் தாக்கினார்கள். தன் சிகிச்சை முறை பிறந்த நாள் என்று அவர் பின்னாளில் குறிப்பிட்டது இந்தத் தேதியைத்தான். சிகிச்சைக்கு வருபவரை நோயாளி என்று அழைப்பதையும் அவர் கைவிட்டார். வக்கீலிடம் போகிறவரைப் போல அவர் ஒரு கட்சிக்காரர். வழக்கு அவருடையது, முடிவும் அவருடையது.

அறைக்குள் ஒலித்தட்டு

அதுவரை சிகிச்சை அறை என்பது பூட்டிய அறை. உள்ளே என்ன நடந்தது என்று வெளியே தெரியவேண்டுமானால் மருத்துவர் பிறகு நினைவிலிருந்து எழுதும் குறிப்புதான் கதி. நினைவு யாருக்குச் சாதகமாக எழுதும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்த ரோஜர்ஸும் மாணவர்களும் அந்த அறைக்குள் ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுபோனார்கள். டேப் ரெக்கார்டர் புழக்கத்துக்கு வராத காலம். சில நிமிடங்களிலேயே நிரம்பிவிடும் ஒலித்தட்டுகள். ஒரு தட்டு முடிவதற்குள் அடுத்த தட்டைச் சுழலவிட வேண்டும். இப்படிப் பதிவான எட்டுச் சந்திப்புகளை, இருவரும் பேசிய ஒவ்வொரு வார்த்தையோடும், 1942-இல் வெளிவந்த தன் நூலில் அவர் அச்சிட்டார். ஒரு முழுச் சிகிச்சையின் பேச்சும் அப்படியே அச்சேறியது அதுவே முதல்முறை.

தட்டுகளைத் திரும்பப் போட்டுக் கேட்டபோது பலருக்கும் அதிர்ச்சி. வழிநடத்தும் பாணிக் கவுன்சலர்கள் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகப் பேசியிருந்தார்கள். வந்தவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இவர்களுடைய கேள்வி குறுக்கே விழுந்திருந்தது. கேட்டுக்கொண்டிருந்ததாக அவர்கள் நம்பினார்கள், ஒலித்தட்டு அப்படிச் சொல்லவில்லை.

கேட்பது என்றால் என்ன என்பதை ஒரு கற்பனைச் சூழலில் பார்ப்போம். கணவர் இறந்தபின் கிராமத்தை விட்டு மகனின் சென்னை அடுக்ககத்துக்கு வந்துவிட்ட அறுபது வயது அம்மா. அவர் சொல்கிறார்: "சாப்பாட்டுக்குக் குறையில்ல தம்பி. மருமகளும் நல்ல பொண்ணுதான். தனி ரூமு குடுத்திருக்காங்க. ஆனா காலையில கண்ணு முழிச்சா, எதுக்கு எந்திரிக்கணும்னு இருக்கு."

நாம் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் நாலு வகை. "பேரன் பேத்தியோட இருக்கக் குடுத்து வச்சிருக்கணும்மா" என்பது தேற்றல். "காலையில ஒரு நடை நடந்துட்டு வாங்க, பக்கத்துல கோயில் இருக்குல்ல" என்பது அறிவுரை. "மருமக ஏதாச்சும் சொன்னாங்களா?" என்பது துருவல். கொஞ்சம் படித்தவராக இருந்தால், "மகன் மேல இருக்கற கோபத்தை நீங்க வெளியில காட்ட மாட்டேங்கறீங்க" என்று விளக்கமே கொடுத்துவிடுவார். நாலிலும் அக்கறை இருக்கிறது. நாலுமே அந்த அம்மாவின் வாயை அடைத்துவிடும்.

ரோஜர்ஸின் வழியில் பயின்றவர் இப்படிச் சொல்லக்கூடும்: "எல்லாம் இருக்கு. ஆனா உங்கள எழுப்புற மாதிரி ஒரு வேலை அங்க இல்ல. அப்படியாம்மா?"

அம்மா கொஞ்சம் யோசிக்கிறார். "வேலைன்னு இல்ல தம்பி. ஊர்ல மாடு கத்தும். நான் போற வரைக்கும் விடாது."

கவனியுங்கள், கவுன்சலர் சொன்னது முழுக்கச் சரியில்லை. அவர் வேலை என்றார். அம்மாவுக்கு வலித்தது வேலை போனதல்ல, தன்னைத் தேடிக் கத்துகிற ஓர் உயிர் இல்லாமல் போனது. ஆனால் கவுன்சலர் கேள்விக்குறியோடு வைத்ததால் அம்மாவால் திருத்த முடிந்தது. திருத்தும்போதுதான் தன் மனத்தில் இருந்தது அவருக்கே தெளிவானது. ரோஜர்ஸின் முறையைக் கிளிப்பிள்ளைப் பேச்சு என்று கேலி செய்தவர்கள் கோட்டைவிட்ட இடம் இது. சொன்னதையே திருப்பிச் சொல்லும் உத்தி என்று அதைச் சுருக்கியதில் அவருக்கு எரிச்சல் இருந்தது. தான் செய்வது புரிந்துகொண்டது சரிதானா என்று சோதித்துப் பார்ப்பது என 1986-இல், இறப்பதற்கு முந்தைய ஆண்டில்கூட அவர் விளக்கி எழுத வேண்டியிருந்தது. மாட்டுக்கொட்டகைச் சோதனை இங்கேயும் தொடர்கிறது. கவுன்சலரின் புரிதல் ஒரு கருதுகோள். அதற்கு மதிப்பெண் போடுபவர் எதிரே இருப்பவர்.

மூன்று குணங்கள்

1957-இல் ரோஜர்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். ஒருவரின் ஆளுமையில் நல்ல மாற்றம் வர என்னென்ன தேவை என்று ஆறு நிபந்தனைகளைப் பட்டியலிட்டார். அவற்றில் மூன்று சிகிச்சையாளரின் குணங்கள்.

முதலாவது ஒளிவுமறைவின்மை. உள்ளே சலிப்பை வைத்துக்கொண்டு வெளியே புன்னகைக்கக் கூடாது. இரண்டாவது நிபந்தனையற்ற மதிப்பு. நீ இப்படி இருந்தால்தான் உன்னை மதிப்பேன் என்ற கணக்கு இல்லாமல் ஏற்றுக்கொள்வது. செய்வதையெல்லாம் சரி என்று தலையாட்டுவது இதன் பொருளல்ல. குடித்துவிட்டு மனைவியை அடிப்பவரின் செயலை ஏற்காமலே, அவரை மனிதராக மதித்துப் பேச முடியும். மூன்றாவது ஒத்துணர்வு. அடுத்தவரின் உலகத்தை அவர் கண்ணால் பார்ப்பது, அதே நேரம் அது அவருடைய உலகம் என்பதை மறக்காமல் இருப்பது. அந்த இரண்டாம் பாதி தவறினால், அழுகிறவரோடு சேர்ந்து நாமும் முங்கிவிடுவோம்.

இது அறிவுரையாக மட்டும் சொல்லப்பட்டதல்ல. சிகாகோவில் இருந்தபோது, கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்குச் சிகிச்சை அளிக்கப்போய் ரோஜர்ஸே நிலைகுலைந்தார். தான் எங்கே முடிகிறோம், அவர் எங்கே தொடங்குகிறார் என்பதே தெரியாத நிலை. வேலையைப் போட்டுவிட்டு மனைவியோடு ஊரைவிட்டே கிளம்பிவிட்டார், திரும்பச் சில மாதங்கள் ஆயின. பிறகு தன் குழுவில் இருந்த இளைய சகா ஒருவரிடமே சிகிச்சை பெற்றார். அமெரிக்க உளவியல் கழகத்தின் தலைவராக இருந்து முடித்தவர், தன்னிடம் வேலை பார்ப்பவரின் எதிரே கட்சிக்காரராக உட்கார்ந்தார். இதை அவர் மறைக்கவும் இல்லை.

1957-ஆம் ஆண்டுக் கட்டுரையில் வம்பான சொல் ஒன்று இருந்தது. இந்த நிபந்தனைகள் தேவையானவை மட்டுமல்ல, போதுமானவை என்றும் ரோஜர்ஸ் சொன்னார். வேறு உத்தி எதுவும் வேண்டாம், எந்த நோயாக இருந்தாலும் இதுவே போதும் என்று பொருள். இதைச் சோதிக்க அவர் மிகக் கடினமான களத்தைத் தேர்ந்தெடுத்தார். விஸ்கான்சினில் மெண்டோட்டா மாநில மருத்துவமனை, மனச்சிதைவு நோயாளிகள்.

அங்கே அவர் சந்தித்த ஓர் இளைஞர் பேசவே மாட்டார். இருவரும் நிமிடக்கணக்கில் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள், தன்னால் யாருக்கும் உபயோகம் இல்லை, செத்தால் தேவலை என்ற பொருளில் அந்த இளைஞர் முனகினார். நீங்கள் இருக்கிறீர்களா இல்லையா என்பது எனக்கு முக்கியம் என்ற பொருளில் ரோஜர்ஸ் பதில் சொன்னார். இளைஞர் உடைந்து அழுதார். வெகுநேரம் அழுதார். அந்தப் பதிவின் எழுத்து வடிவம் அச்சில் இருக்கிறது. சொற்களைவிட இடைவெளிகளே அதில் அதிகம்.

ஆனால் ஒரு கண்ணீர் ஆய்வு முடிவாகிவிடாது. 1967-இல் முழு அறிக்கை வந்தபோது, மொத்தத்தில் சிகிச்சை பெற்ற குழுவுக்கும் பெறாத குழுவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சிகிச்சையாளரிடம் ஒத்துணர்வை அதிகம் கண்டவர்களிடம் மட்டும் ஓரளவு முன்னேற்றம் இருந்தது. போதுமானவை என்ற சொல் அந்த மருத்துவமனை வாசலைத் தாண்டவில்லை. மனச்சிதைவுக்கு மருந்து வேண்டும், அன்பான பேச்சு மருந்தின் இடத்தை நிரப்பாது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. தன் கொள்கை தோற்க வாய்ப்புள்ள சோதனையை ரோஜர்ஸ் தானே ஏற்பாடு செய்தார் என்பது அவர் பெருமை.

அதே பத்தாண்டில் வேறொரு வேடிக்கையும் நடந்தது. எம்.ஐ.டி.யில் ஜோசஃப் வைசன்பாம் என்ற கணினி அறிஞர் 1966-இல் எலைசா என்ற நிரலை வெளியிட்டார். நீங்கள் தட்டச்சு செய்யும் வாக்கியத்தை அப்படி இப்படி மாற்றி, ரோஜர்ஸ் பாணிக் கேள்வியாகத் திருப்பிப் போடும். அதற்கு எதுவும் புரியாது. கேலியாகச் செய்ததுதான். ஆனால் நிரல் எழுதப்படுவதை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய செயலாளரே, அதனோடு கொஞ்ச நேரம் பேசியதும் அறையை விட்டு வெளியே போகும்படி அவரைக் கேட்டுக்கொண்டார். வைசன்பாம் திகைத்துப்போனார். குறுக்கே பேசாமல் கேட்கிற ஒன்றுக்கு மனிதர்கள் எவ்வளவு ஏங்கிக் கிடக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அறுபது ஆண்டுகள் கழித்து, இரவு இரண்டு மணிக்குக் கைபேசியில் செயற்கை அறிவோடு பேசுபவர்களும் அந்த ஏக்கத்தின் வாரிசுகள்தான்.

இருவருக்கு நடுவே

ரோஜர்ஸ் விதை உள்ளே இருக்கிறது என்றார். அவருக்குப் பத்தாண்டு மூத்த ஹாரி ஸ்டாக் சல்லிவன் என்ற மனநல மருத்துவர், உள்ளே பார்க்காதீர்கள், இருவருக்கு நடுவே பாருங்கள் என்றார். நியூயார்க் மாநிலத்தின் ஒதுக்குப்புறப் பண்ணையில், புராட்டஸ்டன்ட் மக்கள் நடுவே ஓர் ஐரிஷ் கத்தோலிக்கப் பையனாகத் தனியே வளர்ந்தவர். மனிதனின் ஆளுமை என்பது அவனுடைய உறவுகளில்தான் உருவாகிறது, அங்கேதான் முறிகிறது, அங்கேதான் ஒட்டவும் முடியும் என்பது அவர் வாதம். எட்டு ஒன்பது வயதில் கிடைக்கும் ஓர் உயிர்த்தோழன், வீட்டில் பட்ட காயத்தைக்கூட ஆற்றக்கூடும் என்று அவர் நம்பினார்.

1929-இல், பால்டிமோர் அருகே ஷெப்பர்ட் அண்ட் ஈனாக் பிராட் மருத்துவமனையில் சல்லிவனுக்கு ஆறு படுக்கைகள் கொண்ட தனி வார்டு கிடைத்தது. மனச்சிதைவு வந்த இளைஞர்களுக்கான வார்டு. வழக்கமான மருத்துவமனை அதிகாரப் படிநிலையை அவர் உள்ளே விடவில்லை. பட்டத்தைப் பார்க்காமல், கூச்ச சுபாவமும் பிறர் வலி புரிகிற மனமும் உள்ள உதவியாளர்களாகப் பார்த்துத் தானே தேர்ந்தெடுத்தார். அவர்கள் அந்த இளைஞர்களோடு சாதாரணமாகப் பேசிப் பழகினார்கள். பலர் தேறினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாததால் எத்தனை பங்கு வார்டின் பலன் என்று அறுதியிட முடியாது. ஆனால் மருத்துவர் வெளியே நின்று பார்க்கும் பார்வையாளர் அல்லர், பார்க்கப்படும் உறவில் அவரும் ஒரு பாதி என்ற சல்லிவனின் கருத்து அங்கிருந்து உலகெங்கும் போனது. நோயாளியின் முகத்துக்கு நேரே உட்காராமல் பக்கவாட்டில் உட்காருவது அவர் வழக்கம். பயந்துபோயிருப்பவருக்கு வெறித்துப் பார்க்கும் கண்கள் பாரம்.

சல்லிவன் 1949-இல் மறைந்தார். அவர் சிந்தனையை ஒரு கச்சிதமான சிகிச்சையாக்கியது ஒரு தற்செயல். 1960-களின் இறுதியில் ஜெரால்ட் கிளர்மன், மிர்னா வைஸ்மன் முதலியோர் மனச்சோர்வு திரும்ப வராமல் தடுக்க அமிட்ரிப்டிலின் மாத்திரையைத் தொடரலாமா என்று சோதிக்கக் கிளம்பினார்கள். நடைமுறையில் நோயாளிகள் மருந்தோடு பேச்சுச் சிகிச்சையும் பெறுகிறார்கள், அதையும் சேர்த்துக்கொள்வோம் என்று ஒரு முறையை வகுத்தார்கள். 150 பெண்கள் பங்கேற்றார்கள். மருந்து நோய் திரும்பாமல் தடுத்தது. பேச்சு வேறொன்றைச் செய்தது: குடும்பத்திலும் வெளியிலும் அவர்களுடைய உறவுகள் சீராயின, ஆனால் அது தெரிய ஆறு முதல் எட்டு மாதம் ஆயிற்று. மருந்து ஆய்வுக்குத் துணையாக வந்த அந்த முறைதான் இன்று ஐ.பி.டி. எனப்படும் உறவுவழிச் சிகிச்சை.

இதில் கவுன்சலர் ரோஜர்ஸைப் போலக் காத்திருப்பதில்லை. உங்களுக்கு வந்திருப்பது மனச்சோர்வு என்ற நோய், அது உங்கள் குற்றமல்ல, குணமாகும் என்று முதலிலேயே சொல்லிவிடுவார். 12 முதல் 16 வாரம் என்று கெடுவும் உண்டு. சோர்வு தொடங்கிய சமயத்தில் உறவுகளில் என்ன நடந்தது என்று பார்த்து, நாலில் ஒன்றைப் பிடிப்பார்: இறப்பின் துக்கம், நெருங்கியவரோடு பிணக்கு, வாழ்க்கை நிலை மாற்றம், யாருமற்ற தனிமை.

நம் அடுக்ககத்து அம்மாவிடம் திரும்புவோம். ஐ.பி.டி. கவுன்சலர் கேட்பார்: "ஐயா தவறி எத்தன நாள் கழிச்சும்மா மாட்ட வித்தீங்க?" பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரமே விற்றுவிட்டோம் என்று பதில் வருகிறது. துக்கமும் நிலை மாற்றமும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன, எதற்கும் அழ நேரமில்லை. இப்போது வேலை தெளிவு. போனதைப் பற்றிப் பேசி அழ இடம் கொடுப்பது, பிறகு தன்னைத் தேடுகிற யாரோ ஒருவரை, ஏதோ ஒன்றை, புது இடத்தில் கண்டுபிடிக்க உதவுவது. நடை போகச் சொன்ன அறிவுரையும் இதையொட்டித்தான் வந்தது. ஆனால் அது மாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் வந்தது.

ராக்காய் கிராமங்களில்

இதெல்லாம் படித்த, வசதியான அமெரிக்கர்களுக்குத்தான் சரிப்படும் என்ற சந்தேகத்துக்கு உகாண்டாவிலிருந்து பதில் வந்தது. தென்மேற்கில் ராக்காய், மசாக்கா மாவட்டங்கள். எய்ட்ஸ் வீடுவீடாக ஆட்களைக் கொண்டுபோன பகுதி. மனநல மருத்துவர்களும் மருந்தும் அரிது. ஆய்வாளர்கள் முதலில் கிராம மக்களிடம் விசாரித்தபோது, மனச்சோர்வை ஒத்த இரண்டு நிலைகளுக்கு அவர்கள் மொழியிலேயே சொற்கள் இருந்தன: ஒன்று தன்னைத் தானே வெறுப்பது, மற்றது தன்னைப் பற்றியே கழிவிரக்கம் கொள்வது.

30 கிராமங்கள் தேர்வாயின. பாதி கிராமங்களில் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என ஐ.பி.டி. குழுக்கள் அமைந்தன. வாரம் 90 நிமிடம், 16 வாரம். நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்லர். இரண்டு வாரம் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். முடிவு 2003-இல் வெளிவந்தது. தொடக்கத்தில் குழுக்களில் இருந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. முடிவில் 6.5 சதவீதம். குழு இல்லாத கிராமங்களில் 94 சதவீதம் 54.7 ஆகக் குறைந்தது. காலமும் ஒரு மருந்துதான் என்பதை இரண்டாம் கணக்கு காட்டுகிறது. காலம் தனியாகச் செய்ததற்கும் மனிதர்கள் கூடிச் செய்ததற்கும் உள்ள தூரத்தை இரண்டு கணக்குகளும் சேர்ந்து காட்டுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் இந்தக் குழு முறைக்குக் கையேடே வெளியிட்டது. இந்தியாவில் கோவா மாநிலத்திலும், பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள் ஐ.பி.டி.யைப் பயன்படுத்தினார்கள். 2010-இல் வெளியான முடிவின்படி அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அது பலன் தந்தது. தனியார் மருத்துவர்களிடம் அத்தகைய தெளிவான வித்தியாசம் இல்லை.

தராசு சொல்வது

ஆக, உறவு மருந்தா? 2018-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 295 ஆய்வுகளை, 30,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. சிகிச்சையாளரோடு உள்ள உறவின் தரத்துக்கும் சிகிச்சைப் பலனுக்கும் உள்ள தொடர்பு 0.28 என்று வந்தது. பலனில் காணும் ஏற்றத்தாழ்வில் சுமார் 8 சதவீதம் இதோடு சேர்ந்து நகர்கிறது என்று பொருள். சிறியதாகத் தெரியலாம். ஆனால் எந்தச் சிந்தனை மரபின் சிகிச்சையாக இருந்தாலும் இந்தத் தொடர்பு தொடர்ந்து தென்படுகிறது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் மனச்சோர்வு உள்ள 510 பேரிடம், ரோஜர்ஸ் வழிவந்த சிகிச்சையையும் இன்று முதலிடத்தில் இருக்கும் சி.பி.டி. எனும் அறிதிறன் நடத்தைச் சிகிச்சையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். 2021-இல் வந்த முடிவின்படி ஆறு மாதத்தில் ரோஜர்ஸ் வழி சி.பி.டி.யைவிடக் குறைந்துபோகவில்லை. ஒரு வருட முடிவில் சி.பி.டி. சற்று முந்தியதற்கான அறிகுறி இருந்தது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். நல்ல உறவு இல்லாமல் சிகிச்சை நகராது, உறவு மட்டுமே எல்லா இடத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது. இந்த அத்தியாயத்தின் தீர்ப்பு இவ்வளவுதான்.

வாசகருக்கு ஒரு வேலை. 1951-இல் ஓர் உரையில் ரோஜர்ஸ் ஒரு சோதனையை முன்வைத்தார். செலவில்லாதது, வீட்டிலேயே செய்யலாம். அடுத்த முறை மனைவியிடமோ மகனிடமோ நண்பரிடமோ வாக்குவாதம் வரும்போது ஒரே ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள். எதிரே இருப்பவர் சொன்னதை, அவர் ஆமாம், அதைத்தான் சொன்னேன் என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு உங்கள் வார்த்தையில் சொல்லி முடித்த பிறகுதான் உங்கள் கட்சியைப் பேசலாம். இரண்டாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடும், எவ்வளவு கடினம் என்று. ராச்செஸ்டரில் அந்த அம்மா எத்தனையோ வாரம் வந்து போனார், படித்த, அக்கறையுள்ள ஒருவரின் எதிரே உட்கார்ந்திருந்தார். அவருக்கும் உதவி வேண்டும் என்பதை, எழுந்து கதவுவரை போன பிறகு அவரேதான் சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் வீட்டில் யாரையும் கதவுவரை போகவிடாதீர்கள்.